தறிக்குழி உயரத்துக்கு ஒரு தரை

எங்கள் தெருவில் வீட்டுத் தரை உயரக் கூடாது. ஆரணிக் கோட்டையை யார் யாரோ ஆண்டார்கள், போனார்கள். இந்தச் சட்டம் மட்டும் போகவில்லை. ஊர்க்காரர்களின் வீடு இடுப்பு உயரத்தில் நிற்கலாம். அவர்களுடைய மாட்டுக்கொட்டகைகூட முட்டி உயரத்தில் நிற்கலாம். நாங்கள் மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடக்க வேண்டும், மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பாயைச் சுருட்டலாம், தறியைச் சுருட்ட முடியுமா? என் வீட்டுக்காரர் யோவான் பட்டு நெய்கிறவர். தரையில் தோண்டிய தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்தால்தான் நெசவு நடக்கும். போன ஐப்பசியில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி, தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்கப் பூஞ்சை பூத்துவிட்டது. எங்களுக்குப் பாவு கொடுக்கிற பரசுராமன் முள்ளிப்பட்டிலிருந்து வந்து பார்த்தார்.

"அடுத்த மழைக்கும் குழி இப்பிடியே இருந்தா, தறியைப் பிரிச்சி எடுத்துகினு பூடுவேன் யோவான். தப்பா நெனச்சிக்காத" என்றார்.

தறி அவருடையது. அது போனால் நாங்கள் மறுபடியும் மணியக்காரர் கழனியில் போய்க் குனிய வேண்டும். நான் குனிய மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரத்துக்குத் தரையைத் தூக்கிவிட்டால் தண்ணீர் ஊறாது. ஆனால் சூளைக்காரன் எங்களுக்குச் செங்கல் இல்லை என்றான். கல் வண்டிக்காரன் எங்கள் தெருவின் பேரைக் கேட்டதும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனான். மாதா கோயில் சாமியாரிடம் முறையிட்டேன். "பொறுமையா இரும்மா அமலி" என்றார். அவருக்கென்ன, பங்களாவின் மேல்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

சரி, எவனும் தர வேண்டாம் என்று நாங்களே இறங்கினோம். ஜாகீர்தார் மாளிகை வேலையில் சுண்ணாம்பு அரைத்த கை இது. ஓடையில் சுக்கான் கல் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக நீற்றினோம். கோட்டை அகழியோரம் இடிந்து கிடந்த செங்கல் துண்டுகளை ஜல்லியாக உடைத்தோம். மணலுக்கு ஆறு இருக்கிறது, அதற்குச் சாதி கேட்கத் தெரியாது. எல்லாவற்றையும் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, மரப்பெட்டியில் கொட்டி, இடித்து இடித்துக் கட்டிகளாக எடுத்தோம். ஈர வைக்கோல் போட்டு மூடி, கைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தோம். கோடை முழுக்க இதுதான் பிழைப்பு. கட்டிகள் இறுகியதும் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டி, பள்ளத்திலிருந்து வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்தோம்.

தரைக்கு மேல் இரண்டு வரிசை எழும்பியதும் யோவான் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தோட போதும் அமலி. பேஜார் வாணாம்."

"ரெண்டு வரிசையோட நின்னுக்கோன்னு தண்ணிகிட்ட போய்ச் சொல்லிட்டு வாய்யா, நானும் நிறுத்திக்கிறேன்."

அவர் அடுத்த கட்டியைத் தூக்கினார்.

கடைசி வரிசை வைத்து, பழைய தறிக்குழியை மூடி, புதுக் குழிக்கு இடம் விட்டு, உள்ளே மண் நிரப்பித் திமிசுக் கட்டையால் இடித்துக்கொண்டிருந்த அன்று மணியக்காரர் வந்தார். தெருமுனையிலேயே நின்றுகொண்டார், எங்கள் தெருவில் கால் வைத்தால் அவருக்குத் தீட்டு. தெரு வளைந்து போவதால் அங்கிருந்து எங்கள் வீடு தெரியாது. அவரிடம் ஏர் ஓட்டுகிற தருமன் அண்ணனை உள்ளே அனுப்பினார். தருமன் எங்கள் தெரு ஆள்தான், முனையில் முதல் குடிசை அவருடையது.

"தரை ஒசந்துகீதான்னு பாருடா. ஒசந்திருந்தா அங்கியே இடிச்சிட்டு வா!"

தருமன் வந்தார். சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தறிக்குழிக்குள் இறங்கி நின்றார்.

"மண்ணு மட்டத்துலதான் கீது ஆண்டே!" என்று அங்கிருந்தே கத்தினார்.

குழியின் அடி மண் மட்டத்தில்தான் இருந்தது. யோவான் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. கோடை முழுக்க இடித்து இடித்துக் கட்டியதை, கட்டவே இல்லை என்று சொல்லிக்கொண்டா அதன்மேல் குடியிருப்பேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை படிந்த கையோடு தெருமுனைக்குப் போனேன்.

"ஒசந்துதான் கீது ஆண்டே. என் முட்டிக்கு மேல கீது. அண்ணன் எனக்காவ சொன்னாரு, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

மணியக்காரரின் முகம் கறுத்துவிட்டது. "எங்களுக்குச் சமமா ஒசரத்துல ஒக்காரணுமா ஒனக்கு?"

"தறியில ஒக்காந்தா எங்க காலு குழியில இருக்கும் ஆண்டே. நீங்க நிக்கிற இதே மண்ணு மட்டத்துல. எங்க காலு ஒங்க காலு மட்டத்துல இருக்கிறதுகூடப் பொறுக்கலியா? அப்ப நீங்களே உள்ள வந்து இடிங்க."

அவருடைய கால் எழுந்தது. எங்கள் தெருப் புழுதியைப் பார்த்தது. பழைய இடத்துக்கே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன்.

"டேய் தருமா! கடப்பாரையை எடுடா!" என்று அலறினார்.

நான் வளைவுவரை ஓடிப் பார்த்தேன். எங்கள் வாசலில் கிடந்த கடப்பாரையைத் தருமன் எடுத்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது. பாவி, இடித்துவிடுவாரோ? மணியக்காரர் சோற்றைத் தின்கிறவர், அவர் பேச்சைத் தட்டினால் நாளைக்கு அடுப்பு எரியாது. யோவான் ஓடிப்போய்ச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

தருமன் யோவானைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவைத் தாண்டி வந்தார், என்னையும் தாண்டினார். மணியக்காரரின் கண்ணெதிரே தன் குடிசை வாசலில் நின்று, ஓங்கித் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"இன்னாடா பண்ற?"

"கடைக்கால் தோண்டுறேன் ஆண்டே" என்றார் தருமன். "இன்னிக்கி ஏருக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."