வலது காலில் பிரேக்

அந்த ஜெர்மன் வண்டிக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. என் வீட்டுக்காரர் ஹபீப் முகமது, நெய்வேலி மைன்ஸ் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நிலக்கரி வெட்டுகிற பெரிய மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்த ஜெர்மன் எஞ்சினியர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதைத் துடைக்க, ஆயில் மாற்ற, ஓட்டிப் பார்க்க இவரை மட்டும்தான் நம்பினார். அன்றிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸில் சோற்றுக்கு முன்னாலும் வண்டிப் பேச்சு, சோற்றுக்குப் பின்னாலும் வண்டிப் பேச்சு.

அது பஜாருக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குகிற வண்டி இல்லையாம். ரெண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி ஒரே நாளில் ஒரு தேசத்தைத் தாண்டுவதற்குச் செய்ததாம். எஞ்சினின் ரெண்டு உருளையும் இடமும் வலமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நிற்கிற பொம்பளை மாதிரி. முன்பக்கம் முழுக்க ஒரு கூடு, காற்றைக் கிழிப்பதற்கு. ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், குனிந்துதான் பிடிக்கணும். மெதுவாகப் போனால் உடம்புப் பாரம் எல்லாம் மணிக்கட்டில் இறங்கும். வேகம் எடுத்தால் காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், கை சும்மா கிடக்கும். செயின் கிடையாது, ஒரு இரும்புத் தண்டுதான் பின்சக்கரத்தைச் சுற்றும்; ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின்பக்கம் எழும்பும், விட்டால் அமுங்கும். அதனால் வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விடவே கூடாது. "தொழுகைக்குக் குனியச் சொன்னா இடுப்பு வலிங்கிறீங்க, அதுக்கு மட்டும் குனிவீங்களா?" என்று கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்வார். இவர் பதினைந்து வருஷமாகப் புல்லட் ஓட்டுகிறவர். புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. ஜெர்மன் வண்டியில் அப்படியே தலைகீழ். "மூளைக்குத் தெரியுது முனவரா, காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்று சிரிப்பார்.

கத்தரி வெயில் தொடங்கியிருந்த ஒரு நாள் காலையில் கமாலுதீன் அண்ணன் சைக்கிளை எங்கள் வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். மெயின் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். அவர் கடைப் போனுக்குக் கீழக்கரையிலிருந்து எங்கள் காக்கா பேசியிருக்கிறார். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்த எங்கள் உம்மா ஜான் பீவி, கை கால் கழுவப் போன இடத்தில் விழுந்து மவுத்தாகிவிட்டார்.

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு எடுத்துடுவாங்களாம்மா. வெயிலு தாங்காதாம். நீ வர்றேன்னு சொல்லிப் பாத்தேன், ஜமாத்துல ஒத்துக்கல" என்றார் கமாலுதீன் அண்ணன். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

கீழக்கரை, ராமநாதபுரம் தாண்டிக் கடலோரம். திருச்சிக்கு ஒரு பஸ், புதுக்கோட்டைக்கு ஒரு பஸ் என்று ஏறி இறங்கிப் போனால் ராத்திரிதான். எங்களில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. வீட்டில் வைத்துக் கடைசியாக முகம் காட்டுவார்கள், அதோடு சரி. சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் தோளில் தூக்கிவிட்டால் பெற்ற மகளாக இருந்தாலும் ஒன்றுமில்லை. போன பெருநாளைக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டுப் போகாமல் இருந்தவள் நான். எனக்கு உம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர வேறு ஒன்றும் என் தலையில் ஓடவில்லை.

இவரைத் தேடினால் ஆளைக் காணோம். இந்த நேரத்திலும் எங்கே போய்த் தொலைந்தார் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. செய்தி கேட்ட கையோடு ஓடிப்போய்ச் சக்களத்தியோடு வந்து நின்றார். ஜெர்மன்காரர் பனியனோடு கேட் வரை வந்து சாவியைக் கையில் வைத்து, "போ" என்று மட்டும் சொன்னாராம்.

"புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க" என்றார் பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி அக்கா. முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு ஏறினேன்.

டவுன்ஷிப் ரோட்டில் வண்டி முரண்டு பிடித்தது. விருத்தாசலம் தாண்டி ரோடு நீண்டதும் அதன் குணம் மாறியது. இவர் தோள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். காற்று எங்களைத் தொடாமல் தலைக்கு மேலே போனது. புல்லட்டில் போனால் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. இதில் இவர் உம்மாவுக்காக மெதுவாக யாசீன் ஓதுவது எனக்குக் கேட்டது. புளியமரங்கள் வந்த வேகத்தில் பின்னால் போயின. திருச்சி வந்தபோது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. சக்களத்தி என்று சொன்னதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். பார்த்துவிடுவேன், பார்த்துவிடுவேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

புதுக்கோட்டை தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் ரோடு முழுக்க ஆடு.

இவர் ஆக்ஸிலேட்டரை விட்டார். வண்டி பின்னால் அமுங்கியது. பிரேக் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தார். அங்கே பிரேக் இல்லை, கியர்தான் இறங்கியது. பின்சக்கரம் அலறிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. இடப்பக்கமாகச் சாய்ந்து, தேய்த்துக்கொண்டே போய் ஒரு மதகுக் கல்லில் இடித்து நின்றோம்.

துருத்திக்கொண்டிருந்த அந்த உருளைதான் இவர் காலைக் காப்பாற்றியது. அடியை அது வாங்கிக்கொண்டது. அதன் மூடி விரிசல் விட்டு ஆயில் வழிந்தது. எனக்கு முழங்கையில் தோல் போயிருந்தது, இவருக்கு மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. ஆட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் நடுரோட்டில் நின்று என் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒரு வருஷமா சொல்றீங்களே, வலது காலு வலது காலுன்னு! எங்க உம்மாவுக்காக ஒரு தடவ அந்தக் காலால மிதிக்கக் கூடாதா?"

இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். விரிசலில் துணி சோப்பை அடைத்து, மேலே பழைய டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வீங்கின கையால் இறுக்க வரவில்லை, முடிச்சை நான் பல்லால் இழுத்தேன். ஜெர்மன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வேலை முடிவதற்குள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

இனி வேகமாகப் போனால் ஆயில் பீய்ச்சும். மெதுவாகத்தான் போகணும். மெதுவாகப் போனால் பாரமெல்லாம் மணிக்கட்டில், அதுவும் வீங்கின மணிக்கட்டில். ஒவ்வொரு பள்ளத்திலும் இவர் "யா அல்லாஹ்" என்பது எனக்குக் கேட்டது. பங்க் கண்ட இடத்தில் நிறுத்தி ஆயில் ஊற்றினோம். நான் அழவில்லை, அழ நேரமில்லை. ரோட்டில் ஆடு தெரிந்தால், மாடு தெரிந்தால், வண்டி தெரிந்தால் இவர் காதில் கத்தினேன்: "வலது! ஏங்க, வலது!" தேவகோட்டை வரைக்கும் வலது, ராமநாதபுரம் வரைக்கும் வலது. உம்மாவை நினைப்பதற்குப் பதிலாக இவர் காலையே நினைத்துக்கொண்டு போனேன். ஒரு தடவையும் அந்தக் கால் தப்பவில்லை.

ராமநாதபுரத்தில் நுழையும்போது அஸர் பாங்கு கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். பாங்குச் சத்தம் கேட்டுக் காதைப் பொத்தின பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கீழக்கரையில் எங்கள் தெருவில் ஆண் பிள்ளை ஒருவரும் இல்லை. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாசலில் வண்டி தானாகவே அணைந்தது. சின்னம்மா வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இப்பத்தான்டி எடுத்துட்டுப் போறாங்க. உன் காக்கா வாசல்லயே நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தான்டி" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான், "நீங்க போங்க, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றேன். அதைக் கோபத்தில்தான் சொன்னேன். நாள் முழுக்க வந்தது நான் முகம் பார்க்க. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது இவர். கையில் எண்ணெயோடு மையவாடிப் பக்கம் ஓடினார்.

உம்மாவைக் கிடத்தியிருந்த அறையில் போய் உட்கார்ந்தேன். கற்பூர வாசம் இருந்தது. பாயைச் சுருட்டிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு இவர் கொல்லைப்புறம் வந்து என்னைக் கூப்பிட்டார். முழங்கால் வரை மண். காக்கா இவரையும் குழிக்குள் இறங்கச் சொன்னாராம். உள்ளே வைத்து முகத்துக்கட்டை அவிழ்க்கும்போது இவர்தான் தலைப்பக்கம் நின்றாராம்.

"எப்டி இருந்தாங்க?"

"தூங்குற மாதிரி இருந்தாங்க முனவரா."

"ஊருல சாவுற எல்லாருக்கும் இதத்தான் சொல்வாங்க" என்று கத்தினேன். "அந்த வண்டியில ஒரு நட்டுக்கு ஒரு மணி நேரம் பேசுவீங்க. எங்க உம்மாவுக்கு ஒரு வரிதானா?"

இவர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்கும்போது அப்படித்தான் மூடுவார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு புருவம் கொஞ்சம் மேல ஏறியிருக்கும்ல, அது அப்டியே இருந்துச்சு. மூக்குத்தியக் கழட்டிட்டாங்க, தொளை மட்டும் தெரிஞ்சுச்சு. மேல் உதடு லேசாத் தூக்கி ஒரு பல்லு தெரிஞ்சுது, யாரையோ வையப் போற மாதிரி. கையெல்லாம் எண்ணெய், அதனால நான் மொகத்தத் தொடல. கன்னத்தச் சாய்க்கிற எடத்துல ஒரு கல்லு இருந்துச்சு. அத எடுத்துப் போட்டு, மண்ண நல்லா நெரவிட்டுத்தான் சாய்க்கச் சொன்னேன்."

"எந்தக் கன்னம்?" என்று கேட்டேன். எங்களில் எப்படிச் சாய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

"வலது" என்றார்.

காலையிலிருந்து அப்போதுதான் அழுதேன்.