சிக்லிட் முட்டைக்குக் காவல்

என் வீட்டுக்காரருக்கு சூப்பர் மார்க்கெட்டில் கேமரா பார்க்கிற வேலை. யார் எதைச் சட்டைக்குள் செருகுகிறார்கள் என்று நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு வீட்டுக்கு வருவார். சர்க்கரை டப்பா மூடி சரியாக மூடவில்லை என்றால்கூட எனக்கு ஒரு விசாரணை உண்டு.

அந்தக் கண்ணில் விழுந்தவன் என் தம்பி. ஏசி மெக்கானிக். கம்பெனியை மூடிவிட்டதால் எங்கள் ஹாலில் பாய் விரித்திருந்தான். தலைமாட்டில் இவருடைய மீன்தொட்டி. அதில் இவர் உயிராக வளர்க்கும் சிக்லிட் மீன் ஜோடி. நத்தை பெருகிக் கண்ணாடியெல்லாம் அப்பிக்கொண்டபோது, நத்தையைத் தின்னட்டும் என்று தம்பிதான் நாலு லோச் மீன் வாங்கி விட்டான். மீசையும் தானுமாக மணலை மோந்துகொண்டு திரியும் மீன். நத்தை குறைந்தது. போதாத காலம், அதே வாரம் சிக்லிட் ஒரு தட்டைக் கல்லில் முட்டையிட்டது. மறுநாள் சாயங்காலம் கல்லில் ஒன்றுமில்லை.

"உன் தம்பி தொட்டிக்குள்ள கைய விட்டானா?"

"அவனுக்கு எதுக்குங்க மீன் முட்டை? ஆம்லெட்டா போடப் போறான்?"

அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை முட்டையிட்டபோதும் அதே கதை. அன்று எனக்கே புத்தி கெட்டுப்போனது. துணி மடிக்கிற சாக்கில், தம்பி கழற்றிப் போட்ட சட்டையின் கை ஈரமா என்று தொட்டுப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான். சட்டையை வாங்கி அவனே மடித்து வைத்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் முறை முட்டை வந்தது. இவர் லோச்சுகளைப் பிடித்து ஒரு வாளிக்கு மாற்றினார்.

"லோச்சும் வெளிய வந்தாச்சு. இனிமேலும் முட்டை போச்சுன்னா உன் தம்பிதான். வேற இடம் பாத்துக்கட்டும்."

சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியின் காதில் விழட்டும் என்றே சொன்னார். எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

இவர் லீவு போட்டுவிட்டு, தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் டார்ச், கண்ணாடியில் மூக்கு. வெளிச்சம் பட்டபோதெல்லாம் சிக்லிட் இரண்டும் துள்ளி ஒதுங்கின. நான் டீ கொண்டு வந்தபோது தாய் மீன் கல்லை நெருங்கியது. முட்டைகளைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. அப்பன் மீனும் சேர்ந்துகொண்டது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிச்சத்துக்குப் பயந்துடுச்சு. பயந்தா இப்படி தன் முட்டைய தானே தின்னுடும்" என்றார், தொண்டைக்குள்.

"அப்போ முன்னாடி ரெண்டு தடவை? அப்பவும் டார்ச் அடிச்சீங்களா?"

"போகும்போதும் வரும்போதும்... சும்மா, இருக்கான்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைத் தொட்டியிலேயே ஊற்றியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "தம்பிய இருக்கச் சொல்லு" என்றார்.

தம்பி ஏற்கெனவே தோளில் பையோடு நின்றிருந்தான். "இருக்கட்டும் அத்தான். நண்பன் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கான். லோச்ச மறுபடி தொட்டியில விட்டுடுங்க, பாவம்."

பிறகு பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து இவர் முன்னால் நீட்டினான். "ஒரு தடவை பாத்துக்கிறீங்களா?"

குரலில் கோபமே இல்லை. இவர் கண் பைக்குள் போனது. நான்தான் ஜிப்பை இழுத்து மூடி, பையை அவன் தோளில் மாட்டிவிட்டேன்.