பதினேழாம் எண் பித்தளை வில்லை

வரலாற்றுத் துறைக் கட்டடத்தின் குடை அறையில், பதினேழாம் எண் மாடத்தில், ஒரு பேராசிரியையின் விசுவாசம் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்த குடைகள் மற்றக் குடைகளைவிடச் சீக்கிரம் காய்ந்தன என்பதைத் தவிர, அதனால் யாருக்கும் நன்மையோ தொந்தரவோ ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. முதல் பதின்மூன்று ஆண்டுகள் அது பகலில் மட்டும் அங்கே இருந்தது. பிந்திய ஒன்பது ஆண்டுகள் நாள் முழுக்க இருந்தது.

அவள் பஞ்சங்களை ஆராய்ந்தவள். ஆகவே சக ஆசிரியர்கள் முதல் பெருக்குகிறவர்வரை எல்லாரும் அவளைப் பஞ்சத்தம்மா என்றே அழைத்தார்கள். நல்ல உடம்புக்காரி, பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேலைக்கான நேர்காணலில் அப்போதைய துறைத்தலைவர் அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, “எல்லாம் பிரமாதம்மா. ஆனா உங்க விசுவாசத்தை மட்டும் வாசல்லயே விட்டுட்டு வந்துடுங்க” என்றார். அவர் பேச்சுக்குச் சொன்னார். அப்படிச் சொல்வது அங்கே வழக்கம். கேட்பவரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவளோ சொன்னால் சொன்னபடி செய்கிறவள். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் குடை அறைக்குப் போய், இரண்டு கைகளையும் விலா எலும்புகளுக்குக் கீழே கொடுத்து, அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு ரொட்டி அளவு இருந்தது. வெதுவெதுப்பாக, பிழிந்த கம்பளியைப் போலக் கனத்தது. குடைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது ஒழுகுமாம்மா?” என்று கேட்டார். ஒழுகாது என்றாள். “அப்போ சரி” என்று, திரும்ப வாங்கும்போது காட்டுவதற்குப் பதினேழு என்று பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தார்.

மற்றவர்கள் எதையும் வெளியே வைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். துறைத்தலைவர் சந்தையின்மேல் வைத்திருந்த நம்பிக்கை ஒரு பீரோ அளவு இருக்கும். கதவில் இடிபட்டு, மூச்சிரைக்க அதைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் உள்ளே வருவார். மனிதகுலம் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் திருந்துகிறது என்று நம்பிய புள்ளிவிவரக்காரர் ஒருவர் இருந்தார். புரட்சி அடுத்த தலைமுறையில் நிச்சயம் என்று நம்பியவர் மூன்றாம் மாடியில் இருந்தார், அதே நம்பிக்கையோடு ஓய்வும் பெற்றார். அவற்றுக்கெல்லாம் முறையியல் என்று பெயர் இருந்ததால் வில்லை தேவைப்படவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஆலயத்திலாவது நிம்மதியாக இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. வேத பாட வகுப்பில், இந்த நிருபம் எந்த ஆண்டு எழுதப்பட்டது, எழுதியவர் என்று சொல்லப்படுகிறவர்தான் எழுதினாரா என்று ஒருநாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். போதகருக்கு முகம் சுண்டிவிட்டது. “படிச்ச படிப்பை வெளியவே வெச்சுட்டு வாங்கம்மா. ஆண்டவர் உங்ககிட்ட சர்டிபிகேட் கேக்கல” என்றார். மறுவாரம் படிப்பையும் எடுத்து நுழைவாயில் பெஞ்சில் வைத்தாள். அது மூலைமூலையாக, நல்ல பாரமாக இருந்தது. ஆலயப் பணியாளர் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். கதவு அதன் பிறகு காற்றில் அடித்துக்கொள்ளவில்லை.

ஆறு நாள் ஒன்றில்லாமல், ஏழாம் நாள் இன்னொன்றில்லாமல் உட்கார்ந்து எழுந்தவள், இரண்டோடும் உட்கார்ந்த இடம் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். எதிர் நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் எழுதியதையெல்லாம் முதலில் படிக்கிறவர் அவர்தான். முழு மனுஷியாக அவள் கிடைத்தது அந்த ஒரு ஆளுக்குத்தான்.

அவளுடைய பெரிய நூல் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டது. பழைய பஞ்சம் ஒன்றில், உப்பளத் தொழிலாளர் நாற்பது குடும்பத்தினர், தங்களிடம் மிச்சமிருந்த தானியத்தில் பாதியை வழியோடு போன அந்நியர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் பதினொன்று அழிந்துபோயின. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்ட அதிகாரிக்கு அவர்கள் எழுதிய பதில் ஒரே வரி: கேட்டது ஆண்டவர், கொடுத்தோம். பஞ்சத்தம்மா அலுவலக அறையில் உட்கார்ந்து இதற்கு ‘நெருக்கடிக்கால மறுபங்கீட்டு உத்தி’ என்று விளக்கம் எழுதினாள். வீட்டுக்காரர் ஓரத்தில் பென்சிலால், ‘ஏன்னு அவங்களே சொல்லிட்டாங்களே?’ என்று குறித்தார். மாலையில் விசுவாசத்தோடு படித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது, மாற்றினாள். காலையில் அதைக் குடை அறையில் கொடுத்துவிட்டுப் படித்தபோது, சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று பட்டது, திரும்ப மாற்றினாள். இப்படியே நான்கு வருடம் போயிற்று. அவளுக்கும் அலுத்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வில்லையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, குடை அறைப் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். காலையிலும் மாலையிலும் வாக்கியம் ஒரே மாதிரி இருந்தது.

நூல் வெளிவந்தது. விருது, மாலை, வெளிநாட்டுச் சொற்பொழிவு எல்லாம் வந்தன. துறைத்தலைவரும் ஆனாள். ஆலயத்துக்கும் வழக்கம்போல் போய்வந்தாள். விசுவாசம், படிப்பு இரண்டும் இல்லாமல் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது, “புரொபசரம்மா தினமும் வர்றாங்க. என் பொண்டாட்டி எப்ப வருவா?” என்பார். அவள் கைப்பையைத் திறந்து வில்லையைக் காட்டுவாள். “பத்திரமா இருக்குங்க. எப்ப வேணா எடுத்துக்கலாம்.” இப்படி ஒன்பது வருடம்.

பிறகு அவருக்குக் கணையத்தில் நோய் கண்டது. இரண்டு வாரம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் அதிகமாக எதுவும் கேட்கிற ஆளில்லை. மத்தியான வெயில் கட்டிலில் விழுந்த ஒரு நேரத்தில், “எனக்காக ஒரு ஜெபம் பண்ணேன். முன்னெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ணுவியே, அது மாதிரி” என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வாயிலிருந்து வந்தது இது: “ஆண்டவரே, இவ்வாறு விளிப்பது ஒரு மரபு என்ற புரிதலோடும், கிடைக்கும் சான்றுகள் முழுமையற்றவை என்ற எச்சரிக்கையோடும்...” அவர் இருமும்வரை சிரித்தார். “அடிக்குறிப்பு போடாம உனக்குக் கேக்கவே வராதாடி?” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள்.

பதினேழாம் எண் மாடத்தில் அச்சுப்பொறிக் காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. குடை அறைக்காரர் எழுந்து நின்றார். ஆறு மாதத்துக்கு முன் வந்த சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார்: நீண்டநாள் கேட்பாரற்ற பொருட்களை அப்புறப்படுத்தவும். கீழே அவளுடைய கையெழுத்து. மற்ற நாற்பது தாள்களோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க?” என்றாள்.

“கேட்டேனேம்மா. எல்லாத்தையுமான்னு கேட்டேன். விதிப்படி செய்யுங்கன்னு சொல்லிட்டீங்க. துறைத்தலைவர்கிட்ட போய், உங்க சாமானும் அதுல இருக்குன்னு நான் எந்த வாயால சொல்றது?”

அது பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. நூறு அடி தள்ளி எதிர்க் கட்டடம்தான். ஆனால் காட்சிப்பொருளாகப் பதிவானதை எடுக்க விண்ணப்பம் வேண்டும், மூவர் குழு கூட வேண்டும். குழு எட்டாம் நாள் கூடியது. ஆய்வு நோக்கம் என்ன என்று கேட்டார்கள். “என் வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறாருங்க” என்றாள். செயலாளர் ‘தனிப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார். ஜெபம் என்பது பயன்பாடா, செயல்விளக்கமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அவள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மேற்பார்வையில் இருபது நிமிடம் பார்க்கலாம், எடுக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று முடிவாகி, அந்த வாக்கியத்தில் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்று குழு தகராறு செய்துகொண்டிருந்தபோது, மூன்றே முக்கால் மணிக்கு, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அந்தக் காற்புள்ளி அவருக்கு அரை நிமிட வேலை.

போவதற்குச் சற்று முன் கண்ணைத் திறந்து, “வந்துட்டாளா?” என்று கேட்டார். “வந்துட்டேங்க” என்றாள். அது பொய். வாழ்க்கையில் சான்றில்லாமல் அவள் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அவர் அதைத் திருத்தவில்லை. அடக்க ஆராதனையில் போதகர், அதிகப் படிப்பு ஒரு குடும்பத்தின் ஜெப வாழ்க்கையை எப்படிக் கெடுக்கும் என்பதைப் பெயர் சொல்லாமல் இருபது நிமிடம் விளக்கினார். அவளுடைய படிப்பு வெளியே கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததால், அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அனுமதிக் கடிதம் மறுநாள் வந்தது. போய்ப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியில், சிறிய விளக்கின் கீழே வைத்திருந்தார்கள். அட்டையில், ‘விசுவாசம். நல்ல நிலையில் உள்ளது. உரியவர் அறியப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. உரியவர் நான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். ஆதாரம் கேட்டார்கள். வில்லையைக் காட்டினாள். அருமையான சான்று என்று மகிழ்ந்து, அதையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து அடிக்கடி மங்குகிறது. ஈரப்பதக் கருவியில் கோளாறு என்று மூன்று முறை கருவியை மாற்றிவிட்டு, பிறகு விட்டுவிட்டார்கள்.

நூலின் இரண்டாம் பதிப்பில் அவள் உத்தியை எடுத்துவிட்டு உப்பளத்தாரின் வரியை அப்படியே விட்டாள். அச்சுப்பிழை என்று மதிப்புரையில் எழுதினார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். புதன்கிழமைதோறும் காப்பாளர் போட்டுத் தரும் நாற்காலியில் பெட்டிக்கு முன்னால் உட்காருகிறாள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஜெபம் சரளமாக வருகிறது, அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லாமல்: ஆண்டவரே, இவருக்கு வலி இல்லாம பாத்துக்கோ. அவருக்கு வலி நின்று நாலு வருடமாகிறது. பயன்படுத்தக் கூடாது என்ற விதி காப்பாளருக்குத் தெரியும்; அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். இருபது நிமிடம் ஆனதும், “நேரமாச்சும்மா” என்கிறார். மழை நாட்களில் பார்வையாளர்கள் ஈரக் குடைகளை அந்தப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு மற்றப் பொருட்களைப் பார்க்கப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் அவை காய்ந்துவிடுகின்றன.