நிற்காத எஞ்சின்

கராஜ் கதவு பாதியில் இறுகி நின்றது. பவளம் வெளியே கொடியில் உடுப்புக் காயப்போட்டிருந்தாள். பெற்றோல் மணம் அதில் ஏறிவிடும்.

"இஞ்சருங்கோ, பூட்டட்டே?"

"ஓம், பூட்டுமப்பா," என்றார் உள்ளேயிருந்த கணவர் கேதீஸ்வரன். "உந்த எஞ்சின் வழமைபோல ரெண்டு நிமிசத்தில நிண்டிடும்."

அவள் பலமாக இழுத்தாள். கதவு தரையில் முட்டியது.

அந்த 1924ஆம் ஆண்டுக் காரை ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கி ஒரு வருடமாகிறது. பென்டில் ஹில்லில் யூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் பெற்றோல் ஆவியாகாமல் துளித்துளியாகவே உள்ளே போனது. எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. புகை வெளியேறும் குழாயின் சூட்டில் பெற்றோலை முதலிலேயே ஆவியாக்கிவிட, அதைச் சுற்றிச் செப்புக் குழாயை வளைத்து வளைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். இது மட்டும் ஏன் மசியுதில்லை என்று நேற்றும் சாப்பாட்டு மேசையில் புலம்பினார்.

பவளம் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது எஞ்சின் பிடித்தது. இருமவில்லை. இரண்டு நிமிடம் போனது, ஐந்து போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனிசன் இனி மத்தியானம்வரை வெளியே வராது என்று பருப்பை அடுப்பில் வைத்தாள். தேத்தண்ணி கொண்டுபோக நினைத்தவள், குழப்பக்கூடாதென்று விட்டுவிட்டாள்.

கறி இறக்கியும் சத்தம் மாறவில்லை. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அகப்பையோடு அப்படியே நின்றாள். பக்கத்தில் அவர் நின்றால் எஞ்சினை இப்படி ஒரேமாதிரி விட்டுவைக்கமாட்டார்.

கதவைத் தூக்கியதும் புகை முகத்தில் அடித்தது. அவர் கார்ச் சில்லோடு சாய்ந்து, தூங்குகிறவர்போல இருந்தார்.

கதவை யார் பூட்டியது என்று பொலிஸ்காரர் கேட்டார். வெஸ்ட்மீட்டில் வேலையிலிருந்து ஓடிவந்த மகள் வைதேகி, குளிருக்கு அப்பாவே பூட்டியிருப்பார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பாதானே கதவைப் பூட்டினவர், என்னம்மா?"

பவளம் கொடியில் கிடந்த உடுப்புகளைப் பார்த்தாள். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

இறுதிச் சடங்குக்குக் காரை விற்ற கிழவரும் வந்திருந்தார். பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடினது என்று கேட்கிறார் என்றாள் வைதேகி.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல," என்றாள் பவளம். "ஒருக்காக்கூட நிக்கேல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

வைதேகி அதை மொழிபெயர்க்கவில்லை. கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துக்கம் விசாரிக்க நின்ற வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.