இரண்டு ‘இரு’

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பட்டாசுப் பெட்டி அடுக்கும் கொட்டகையின் ஓரத்தில், பொன்னுத்தங்கத்தின் ஜப்பானிய வினைச்சொற்கள் மூன்று கட்டுகளாகக் கிடந்தன. கழிவு லேபிளின் வெள்ளைப் பக்கத்தில் அவளே எழுதியவை. முதல் கட்டில் உள்ளவை கடைசி ஒலியை மாற்றி வளைந்து கொடுப்பவை. இரண்டாம் கட்டில் உள்ளவை கடைசி ‘ரு’வை உதிர்த்துவிட்டு அடுத்ததை ஒட்டிக்கொள்பவை. மூன்றாவதில் இரண்டே சீட்டுகள்: சுரு, குரு. செய், வா. எந்த விதிக்கும் அடங்காத அந்த இரண்டை மட்டும் அவள் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை.

அவளைக் கவிழ்த்தது ‘இரு’. தமிழைப் போலவே அங்கேயும் அதற்கு இருத்தல்தான் பொருள். வெளியூரில் சொந்தக்காரரைக் கண்டது போலிருந்ததால் விதியைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். இன்னொரு ‘இரு’வும் இருந்தது, அதற்குத் தேவைப்படுதல் என்று பொருள். முன்னதை மறுத்தால் ‘ரு’ உதிர்ந்து இனாய், பின்னதை மறுத்தால் ‘ரு’ ‘ர’வாகி இரனாய். இருந்து, இருக்க, இராது என்று ரகரத்தை விடாமலே வளர்ந்த நாக்கு அவளுடையது. போன ஞாயிறு மதுரை வகுப்பில் ‘அம்மா இல்லை’ என்பதற்கு இரனாய் என்று எழுதிவிட்டாள். ‘அம்மா தேவையில்லை’ என்றாகிவிட்டது.

“ஏட்டி, என்னைய வேண்டாம்னா எளுதிட்டு வந்தே?” அம்மா கருப்பம்மாள் தூக்குவாளியை மூடாமலே சிரித்தாள். “நான் ஆக்குன சோறு மட்டும் வேணுமாக்கும்.”

வருகிற ஞாயிறு அங்கேயே கடைசித் தேர்வு. தேறினால் சென்னைக் கம்பெனி ஒன்றில் ஜப்பானியக் கடிதங்களைப் பார்க்கும் வேலை. தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

போர்மேன் வெள்ளைத்துரை சீட்டுகளை ஓரக்கண்ணால் பார்த்தபடி வந்து நின்றார்.

“ஞாயித்துக்கிளமை லோடு ஏத்தணும். எல்லாரும் வேன்ல வந்துருங்க.”

“நான் வரமாட்டேன் அண்ணாச்சி. பரீட்சை இருக்கு.”

“சப்பானுக்காரி இல்லாம சீசன் ஓடாதுன்னு நெனப்போ?” அவர் கருப்பம்மாளிடம் திரும்பினார். “ஒன் மக வரலைன்னா திங்கக்கிளமைலருந்து ரெண்டு பேரும் வேண்டாம். நீ மட்டும் வந்து மொதலாளி கால்ல விளுந்தா, யோசிப்போம்.”

பொன்னுத்தங்கம் அம்மாவைப் பார்த்தாள். கருப்பம்மாள் பதினோரு வருஷமாக அந்த வேனில் ஏறுகிறவள். கையைக் கழுவிவிட்டு வந்து அடுத்த பெட்டியை எடுத்தாள். முதலாளியிடம் போவாளா, மாட்டாளா என்பது அன்று சாயங்காலமும் தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை. சனிக்கிழமை பொறுக்க முடியாமல் மகள் கேட்டாள்:

“எம்மா, நீ போவியா?”

“நீ ஒஞ் சோலியப் பாரு.”

ஞாயிறு விடிந்ததும், மதுரைக்குப் போக, பொன்னுத்தங்கம் ஆமத்தூர் நிறுத்தத்தில் விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள். அவள் வீட்டைவிட்டு இறங்கும்போதுதான் அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது முழுக்குக்கா, வேனுக்குக் கிளம்புவதற்கா என்று கேட்கக் கால் நிற்கவில்லை.

பஸ் நகர்வதற்குள் வேன் ஊருக்குள்ளிருந்து வந்து சிவகாசிப் பக்கம் திரும்பியது. ஜன்னல்களில் தெரிந்த முகங்கள். யாரோ கையாட்டினார்கள். பொன்னுத்தங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தாள். டிரைவருக்குப் பின்னால், அம்மா பதினோரு வருஷம் உட்கார்ந்த ஜன்னலோர இடத்தில், காலை வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. நெரிசலில் நின்ற பெண்கள்கூட இன்னும் அதில் உட்காரவில்லை.