சேலையில் ஓடிய அலை

இண்டூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் லியோனுக்கு, அமுதாவை மாப்பிள்ளை வீட்டாருக்காகப் படம் எடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவள் பாட, இவன் பல வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறான். அவள் மேல் உயிரையே வைத்திருந்தான். அதை வாய் திறந்து சொல்லத்தான் துப்பில்லை. இப்போது அவளை இன்னொருத்தனுக்கு அழகாகக் காட்டித் தரவேண்டும். நல்ல தண்டனைதான்.

அவளுடைய அம்மா இசபெல்லாவும் கூட வந்திருந்தாள். ஓசூர் வரன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரனைக் கொண்டுவந்த கோயில் உபதேசியார் படத்தை வாங்கிக்கொண்டு போவார், தலை முதல் கால் வரை தெரியவேண்டும், செல்போன் படமெல்லாம் ஆகாது என்று கறாராகச் சொன்னாள்.

அமுதா பொடிப்பொடியாகக் கோடு போட்ட சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தாள். எடுத்த படத்தில் சேலை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக அலை ஓடியது. கேமராத் திரை செய்யும் குறும்போ என்று கம்ப்யூட்டரில் முழு அளவில் வைத்துப் பார்த்தான். அங்கும் அலைதான். சேலைக்கு என்ன கேடு என்று இசபெல்லா பதறிவிட்டாள்.

"சேலையில ஒண்ணும் இல்லீங்கம்மா. கொசுவலைய ரெண்டா மடிச்சு வெளிச்சத்துல புடிச்சா அலையலையாத் தெரியுமில்லீங்க, அதேதான். சேலையோட கோடு ஒரு வலை, கேமராவுக்குள்ள இருக்கிற புள்ளி வரிசை ஒரு வலை."

கிட்டே போய் எடுத்தான். அலை போனது, காலும் போனது. பின்னால் நகரலாம் என்றால் சுவர். அவளைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொன்னான். அலை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது. கம்ப்யூட்டரில் அந்த நிறங்களை அழித்தால் சேலைக் கரையின் சிவப்பும் சேர்ந்து வெளுத்தது. கெட்டிக்காரனாக இருந்தால் இதுதான் சாக்கென்று விட்டிருப்பான். இவனோ, கோடில்லாத சேலை கட்டிக்கொண்டு இன்னொரு நாள் வரும்படி சொல்லி அனுப்பினான்.

சனிக்கிழமை அமுதா தனியாக வந்தாள். அதே சேலை. மற்றதெல்லாம் இஸ்திரி போடவில்லை என்றாள். லியோனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை, வேலையில் ரோஷம்தான் வந்தது. கதவை விரியத் திறந்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வரை போனான். கூர்மை கொஞ்சம் மழுங்கட்டும் என்று லென்ஸின் துளையை மிகச் சின்னதாக்கினான். அத்தனை தூரத்திலிருந்து எடுத்ததில் பொடிக்கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, சேலை வெறும் சாம்பல் நிறமாக விழுந்தது. படத்தைத் தேவையான அளவுக்கு வெட்டினான். அலையே இல்லை. பரிசு வாங்கியவன் போல அவளிடம் காட்டினான்.

அமுதாவின் முகம் விழுந்துவிட்டது.

"நல்லா வந்துருச்சுங்களே," என்றான் புரியாமல்.

"வந்துருச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. "இதையே எதுக்குத் திரும்பக் கட்டிகிட்டு வந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே."

படத்தை வாங்கிக்கொள்ளக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பஸ் திருப்பத்தில் மறைந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். சந்தோஷமும் பயமும் சேர்ந்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து உபதேசியாரும் இசபெல்லாவும் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். அமுதா தலை குனிந்து நின்றாள். லியோன் வெறுங்கையோடு வந்தான்.

"படம் எங்கப்பா?" என்றாள் இசபெல்லா.

"கொண்டு வரலீங்கம்மா." அமுதாவை ஒரு தரம் பார்த்தான். "எங்கப்பாவ உங்க வூட்டுக்கு அனுப்பட்டுங்களா?"

இசபெல்லா மகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"பொட்டி நெறைய கோடில்லாத சேலை இருக்குது. நேத்து இவ திரும்ப அதையே எடுத்துக் கட்டுனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள். "நீ எப்பக் கேப்பியோன்னுதான் இருந்தேன். சாயங்காலமே வரச்சொல்லு."