கடைசி எழுத்து

சட்டைத் துணியில் கத்தரியை ஓட்டிக்கொண்டே தையல்காரி பிரெஞ்சு வார்த்தைகளையும் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வெட்டுக்கு ஓர் அசை. பெ-தித். பார்-லெர். ரெஸ்-தோ-ரான்ட். கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது என்பது புருஷன் உத்தரவு. இந்த மொழித் தேர்வில் தேறினால்தான் அவன் வேலை பார்க்கும் நாட்டுக்கு இவள் போக முடியும். வகுப்பில் சேரக் கிளம்பியவளை அவன்தான் தடுத்தான். "எதுக்கு தண்டச் செலவு? நான் இங்க வருஷக்கணக்கா குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா? வேற யார்கிட்டயும் கேக்காத, கொழம்பிடுவ." தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடம். அவன் உடைத்துச் சொல்வான், இவள் சேர்த்துச் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவளோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. பாவி மகளுக்கு அதிலேயே தலைகால் புரியவில்லை.

தேர்வன்று தாளைப் பார்த்து மளமளவென்று வாசித்தாள். ஓர் எழுத்தையும் விடவில்லை. தேர்வு நடத்திய அம்மாள் முதலில் சிரிப்பை அடக்கினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"போ-கூப் இல்லம்மா, போ-கூ. கடைசி எழுத்து எழுத மட்டுந்தான், சொல்றதுக்கில்ல. மொத நாள் பாடமாச்சே இது. யார் சொல்லித் தந்தாங்க?"

"எங்க வீட்டுக்காரர், மேடம். அங்கதான் இருக்கார்." கொஞ்சம் யோசித்து, "அவர் இருக்குற பக்கம் அப்படித்தான் பேசுவாங்க போல," என்றாள். அவனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அந்த அம்மாளின் பார்வையில் இருந்த இரக்கம், தேறவில்லை என்ற சொல்லைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் மதியம் போன் வந்தது. அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "போனா போகுது விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அப்போது அவன் வீட்டு அழைப்பு மணி அடித்தது. யாரோ பார்சல் கொண்டுவந்திருந்தார்கள். போனைக் கையில் வைத்தபடியே அவன் அந்த ஆளோடு சிரித்துச் சிரித்து, பிரெஞ்சில் தண்ணி பட்ட பாடாகப் பேசினான். கடைசியில், "மெர்சி போகூ" என்று நன்றி சொன்னான்.

கடைசி எழுத்தை அவனே விழுங்கியிருந்தான். தெரியாமல் செய்யவில்லை. நம்ப வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை அறுத்திருக்கிறான். இவள் அதற்கு நேரம் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள்.

"சரி, மொதல்லேருந்து ஆரம்பிப்போம். சொல்லு. போ-கூப்."

சொன்னாள்.

"கடைசி எழுத்த இன்னும் நல்லா அழுத்து."

அழுத்தினாள். உதடுகள் இறுக மூடிக்கொண்டன. அவன் அடுத்த வார்த்தையைச் சொன்னான், மறுபடியும் சொன்னான், "ஹலோ, கேக்குதா?" என்றான். போனைக் காதில் வைத்தபடி, வாயைத் திறக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.